ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பல் பார்ப்பது: கறுப்பினக் குடும்பங்கள் படும் பாடு (அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்)

வைகை_மேரிலாந்து · திங்கள் இரவு

வணக்கம். வாஷிங்டனை ஒட்டிய பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் ஒரு சமூகப் பல் கிளினிக்கில் ஹைஜீனிஸ்டாக (பல் சுத்தம் செய்பவர்) வேலை பார்க்கிறேன். எட்டு வருடம் ஆகிறது. எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கறுப்பினக் குடும்பங்கள். முக்கால்வாசிப் பேர் மெடிகெய்டில், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸில், இருப்பவர்கள். போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. எழுதினால் கொஞ்சம் தெளியும் என்று தோன்றியது.

ஒரு அம்மா, ஏழு வயது மகன். பையனுக்கு ஆட்டிசம். பேச்சு இல்லை, ஐபேடில் படத்தைத் தொட்டுச் சொல்வான். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் மேசையில் வைத்தார். உள்ளே மூன்று பிரஷ், பாதி தீர்ந்த இரண்டு பேஸ்ட், ஒரு பள்ளிக்கூட நோட்டு. நோட்டில் தேதி, நேரம், எத்தனை நொடி தேய்த்தார் என்ற கணக்கு. "காலை, 14 நொடி." "இரவு, அழுதான், விட்டுவிட்டேன்." "இரவு, 40 நொடி, பாட்டி பாடினார்." ஐந்து மாதக் கணக்கு அப்படியே இருந்தது.

"நான் தினமும் தேய்க்கிறேன் என்பதற்கு இது சாட்சி" என்றார். நான் அதுவரை ஒன்றுமே கேட்கவில்லை.

விசாரித்தேன். இதற்கு முன் போன இடத்தில் பையன் வாயைத் திறக்கவில்லை, கத்தியிருக்கிறான். எப்படியோ எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சொத்தை விழும்வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். "இதைக் குழந்தைகள் நலத் துறைக்குச் சொல்ல வேண்டியிருக்கும்" என்றும் ஒரு வார்த்தை. அதன் பிறகு பதினொரு மாதம் அவர் எந்தப் பல் டாக்டர் வாசலையும் மிதிக்கவில்லை. அந்தப் பதினொரு மாதத்தில் இரண்டு கடைவாய்ப் பல் வேர்வரை போய்விட்டது.

பையன் அன்று நாற்காலியில் ஏறவே இல்லை. நானும் ஏற்றவில்லை. தரையில் உட்கார்ந்து பிரஷ்ஷால் என் கட்டைவிரலைத் தேய்த்துக் காட்டினேன். அவன் தன் கட்டைவிரலை நீட்டினான். அன்றைக்கு அவ்வளவுதான்.

இங்கே ஆட்டிசம் பிள்ளைகளின் பெற்றோர், பல் டாக்டர்கள், தெரபிஸ்டுகள் என்று பலர் இருக்கிறீர்கள். இந்தத் தாய்மாருக்கு நம்மால் என்ன செய்ய முடியும்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

---

சேலம்_சரவணன் · திங்கள் இரவு

அந்த நோட்டைப் படித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது அக்கா. என் மகனுக்கு இப்போது பன்னிரண்டு. நாங்களும் நொடிக் கணக்கில்தான் ஆரம்பித்தோம்.

எங்களுக்குப் பலித்ததைச் சொல்கிறேன். முதல் எதிரி புதினா. நமக்குக் குளிர்ச்சி, அவனுக்கு வாயில் மிளகாய் தடவிய மாதிரி. சுவையில்லாத ஃப்ளோரைடு பேஸ்ட்டுக்கு மாறினோம், பாதி அழுகை நின்றது. அடுத்தது நுரை. சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத பேஸ்ட்டில் நுரை குறைவு. மூன்று பக்கமும் நார் உள்ள பிரஷ் வாங்கினால் ஒரே இழுப்பில் வெளிப்பக்கம், உள்பக்கம், மேல்பக்கம் மூன்றும் தேய்த்துவிடலாம். 14 நொடிதான் கிடைக்கிறது என்றால் அந்த 14 நொடி முழுசாகப் பயன்படும். எலெக்ட்ரிக் பிரஷ்ஷை எடுத்த எடுப்பில் வாய்க்குக் கொண்டு போகாதீர்கள். முழங்கை, தோள், கன்னம், உதடு என்று ஒரு மாதம் ஊர்ந்து போனோம்.

பாத்ரூமில்தான் தேய்க்க வேண்டும் என்று சட்டமில்லை. அந்த விளக்கும் எதிரொலியும்தான் அவனுக்கு ஆகவில்லை. நாங்கள் சோபாவில், அவன் தலையை மடியில் வைத்துத் தேய்த்தோம்.

---

டல்லாஸ்_ராம் · செவ்வாய் காலை

அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனதில் பட்டதைக் கேட்கிறேன். ஆட்டிசம் பிள்ளைக்குப் பல் தேய்ப்பது எல்லார் வீட்டிலும் போராட்டம்தான். என் அண்ணன் மகனுக்கு வாயைத் திறக்க வைக்க மூன்று பேர் வேண்டும். கடைசியில் மயக்க மருந்து கொடுத்துத்தான் ஐந்து பல்லைச் சரிசெய்தார்கள். இதில் நிறம் எங்கே வருகிறது? காசும் இன்சூரன்ஸும்தான் பிரச்சினை என்றால் ஏழை வெள்ளைக்காரருக்கும் அதே கதிதானே?

---

வைகை_மேரிலாந்து · செவ்வாய் மதியம்

ராம், நல்ல கேள்வி. நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் அண்ணன் மகனுக்கு ஐந்து பல் சொத்தை என்று தெரிந்தபோது உங்கள் அண்ணியிடம் யாராவது "புகார் செய்வேன்" என்றார்களா?

நான் பார்க்கும் குடும்பங்களுக்கு இந்தக் கஷ்டம் பல் நாற்காலிக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. 2020இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆட்டிசம் உள்ள 584 கறுப்பினக் குழந்தைகளின் கதையை எடுத்துப் பார்த்தார்கள். ஏதோ சரியில்லை என்று பெற்றோர் கவலைப்பட ஆரம்பித்தது சராசரியாக இரண்டு வயதுக்குள். ஆட்டிசம் என்று பெயர் கிடைத்தது ஐந்தரை வயதை நெருங்கும்போது. நடுவில் மூன்று வருடத்துக்கும் மேல். அப்படிப்பட்ட வருடங்களில் "பையன் முரடன், நீங்கள் வளர்க்கத் தெரியாமல் வளர்க்கிறீர்கள்" என்ற பேச்சைத்தான் என்னிடம் வரும் அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள். பால்பல் முளைத்து, தேய்க்கும் பழக்கம் ஊன்ற வேண்டிய காலமும் அதேதான். ஏன் பிரஷ்ஷைக் கண்டால் பிள்ளை அலறுகிறது என்று சொல்லித்தர ஒரு தெரபிஸ்ட்கூட இல்லாமல் அந்தக் காலம் கழிந்துவிடுகிறது.

அப்புறம் வலி. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு. வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் பாதிப்பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். பேச்சில்லாத பிள்ளை பல் வலியைத் தாடையில் அடித்துக்கொண்டு சொல்கிறது. சட்டையைக் கடித்துச் சொல்கிறது, சாப்பாட்டைத் தள்ளிச் சொல்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளை தாடையில் அடித்துக்கொண்டால் "எங்கேயோ வலிக்கிறது, பாருங்கள்" என்று சொல்பவர்கள், கறுப்புப் பையன் அதையே செய்தால் "ஆக்ரோஷமானவன்" என்று கோப்பில் எழுதுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை.

எங்கள் கவுண்டிக்கு ஒரு காயம் உண்டு. டியமான்டி டிரைவர். பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவன். ஆட்டிசம் இல்லை. சொத்தைப் பல்லின் சீழ் மூளைக்கு ஏறி 2007 பிப்ரவரி 25 அன்று இறந்து போனான். அவன் அம்மா அதற்கு முன் பல மாதம் அவன் தம்பிக்காக மெடிகெய்டு எடுக்கும் பல் டாக்டரைத் தேடிக்கொண்டிருந்தார். தம்பிக்கு ஆறு பல் சொத்தை. டியமான்டி பல் வலி என்று சொல்லவே இல்லை, தலைவலி என்றான். 80 டாலரில் பிடுங்கியிருக்க வேண்டிய ஒரு பல். இரண்டு மூளை அறுவை சிகிச்சை, ஆறு வாரம் ஆஸ்பத்திரி, இரண்டரை லட்சம் டாலர் செலவு. பையன் பிழைக்கவில்லை. நடுவில் அந்தக் குடும்பத்தின் மெடிகெய்டும் காலாவதியாகியிருந்தது. அதன் பிறகுதான் மேரிலாந்து விழித்துக்கொண்டது. 2009இல் மத்தியச் சட்டமும் குழந்தைகள் இன்சூரன்ஸில் பல் பராமரிப்பைக் கட்டாயமாக்கியது.

பேசத் தெரிந்த பிள்ளைக்கே அந்த நிலை என்றால், பேச்சில்லாத பிள்ளையின் அம்மா எவ்வளவு பயந்து போயிருப்பார் என்று யோசியுங்கள்.

---

அட்லாண்டா_நர்ஸ்_மலர் · செவ்வாய் இரவு

வைகை சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இந்தப் பயம் கற்பனையில் வந்ததில்லை. 2017இல் வந்த ஒரு கணக்கீட்டின்படி, அமெரிக்காவில் 18 வயது முடிவதற்குள் 37 சதவீதக் குழந்தைகளின் வீட்டுக்குக் குழந்தைகள் நலத் துறையின் விசாரணை வருகிறது. கறுப்பினக் குழந்தைகள் என்று பார்த்தால் அது 53 சதவீதம். இரண்டில் ஒன்றுக்கும் மேல். "புகார்" என்ற சொல்லை அந்த அம்மா எப்படிக் கேட்டிருப்பார்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான்.

அலபாமாவில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்கு மருந்து கொடுக்காமலே வேடிக்கை பார்த்த டஸ்கீகி ஆய்வை என் வார்டில் இருக்கும் பாட்டிமார் நேற்று நடந்தது போலப் பேசுவார்கள். பேரனுக்கு மயக்க மருந்து என்றதும் அவர்களுக்கு அதுதான் ஞாபகம் வரும். அதை அறியாமை என்று சொல்லிவிடாதீர்கள்.

தன்னைப் போல இருக்கும் டாக்டரிடம் போகலாம் என்றால் அதுவும் எளிதில்லை. நாட்டின் பல் மருத்துவர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை, மக்கள்தொகையிலோ பதின்மூன்று சதவீதம். ஹோவர்டு, மெஹாரி என்ற இரண்டு கறுப்பினப் பல் மருத்துவக் கல்லூரிகள்தான் 1880களிலிருந்து இந்தப் பாரத்தைச் சுமக்கின்றன. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், பழைய நாளில் கறுப்பின டாக்டர்களைச் சேர்க்காமல் இருந்த பாகுபாட்டைத் தட்டிக்கேட்காததற்கு மன்னிப்புக் கேட்டதே 2010இல்தான்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். 2014இல் மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகரத்துக் குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்த பிறகு, எத்தனையோ கறுப்பின வீடுகளில் குழாய்த் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுப்பதே இல்லை. பாட்டில் தண்ணீர்தான். அதில் பெரும்பாலும் பல்லைக் காக்கும் அளவுக்கு ஃப்ளோரைடு இருக்காது. பிள்ளையைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறார்கள். இதைக் கண்டிக்காமல், குற்றம் சொல்லாமல் எப்படி எடுத்துச் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

---

டல்லாஸ்_ராம் · செவ்வாய் இரவு

அண்ணியிடம் போன் போட்டுக் கேட்டேன். யாரும் புகார் என்று சொல்லவில்லையாம். "ரொம்பக் கஷ்டப்படுகிறீர்கள், நீங்கள் நல்ல அம்மா" என்றார்களாம். அவர் அழுதபோது டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்களாம். ஐந்து சொத்தைப் பல்லுக்கு.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

---

ஹூஸ்டன்_பல்_டாக்டர் · புதன் காலை

குழந்தைகள் பல் மருத்துவராக இருபது வருடமாக இருக்கிறேன். எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் "புகார்". பல் மருத்துவர்கள் சட்டப்படி புகார் செய்யக் கடமைப்பட்டவர்கள், உண்மை. ஆனால் குழந்தைகள் பல் மருத்துவ அகாடமி பல் அலட்சியத்துக்கு வைத்திருக்கும் வரையறையில் "வேண்டுமென்றே" என்ற சொல் இருக்கிறது. தேவையான சிகிச்சையைத் தெரிந்தே தட்டிக்கழிப்பதுதான் அலட்சியம். டாக்டர் கிடைக்காமல் அலைவதும், பிள்ளை வாயைத் திறக்காததும் அதில் வராது. நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பல் மருத்துவர்கள் மெடிகெய்டே எடுப்பதில்லை. அந்த நிலையில் தேடிப்பிடித்து வந்து நிற்கும் தாயிடம் புகார் என்ற பேச்சை எடுப்பது பெரும் பிழை. உடற்குறையைக் காரணம் காட்டி நோயாளியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நடத்தை விதியில் 2018இல்தான் சேர்த்தார்கள். சிறப்புத் தேவை உள்ளவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் திறமை இருந்தால்தான் பட்டம் என்ற விதி 2020இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் படித்தவர்களில் பலர், என்னையும் சேர்த்து, இதை வேலை பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம்.

அடுத்து பபூஸ் போர்டு. பிள்ளையைப் பலகையில் படுக்க வைத்துத் துணிப்பட்டைகளால் சுற்றிக் கட்டுவது. அவசரத்துக்கு, பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால், அனுமதி உண்டு. பள்ளிகளில் கட்டிப்பிடித்து அடக்கப்படும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளில் கறுப்பினப் பிள்ளைகளின் பங்கு அவர்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சியது. பள்ளியில் அதைப் பட்டு வந்த பையனை நானும் கட்டினால் அவன் வாழ்நாளில் திரும்பி வரமாட்டான். ஒரு தகப்பனார் என்னிடம் சொன்னார்: "டாக்டர், என் மகன் நாளைக்கு ஆறடி வளர்வான். முகம் தெரியாதவர்கள் தன்னைப் பிடித்து அழுத்துவதை அவன் சாதாரணம் என்று பழகவும் கூடாது, திமிறவும் கூடாது. நான் எதைச் சொல்லிக்கொடுக்க?" அன்றிலிருந்து நான் அந்தப் பலகையைக் கையில் எடுப்பது மிக மிகக் குறைவு.

அதற்கு மாற்று? சில்வர் டையமைன் ஃப்ளோரைடு என்ற, சொத்தையில் தடவும் திரவ மருந்து. அமெரிக்காவில் 2014இல் எஃப்டிஏ (மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி வந்தது பல் கூச்சத்துக்கு. ஆனால் சொத்தை பரவாமல் நிறுத்தத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். ஊசி இல்லை, டிரில் இல்லை, ஒரு சின்ன பிரஷ்ஷில் தொட்டு வைத்தால் போதும். குறை என்னவென்றால் சொத்தை இருந்த இடம் கரியாகக் கறுத்துவிடும். முன்பல்லில் வைத்தால் பிள்ளை சிரிக்கும்போது எல்லாருக்கும் தெரியும். ஏற்கெனவே "கவனிக்காத அம்மா" என்ற பார்வையைச் சுமப்பவருக்கு அது இன்னொரு முத்திரை. அதனால் வைப்பதற்கு முன் போட்டோ காட்டி, வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்வேன்.

கடைசி வழி ஆஸ்பத்திரியில் முழு மயக்கம். என் ஊரில் இதற்கு மாதக்கணக்கில் வரிசை. பல் வேலைக்கு மெடிகேர் (முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு இன்சூரன்ஸ்), மெடிகெய்டு கொடுக்கும் காசு குறைவு என்பதால் ஆபரேஷன் தியேட்டர் கிடைப்பதில்லை. 2023இல் இதற்கென்று ஒரு பில்லிங் குறியீடு வந்திருக்கிறது. வரிசை குறையுமா என்று பார்க்க வேண்டும்.

---

ஓடி_தேன்மொழி_எல்ஏ · புதன் இரவு

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். லாஸ் ஏஞ்சலஸில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆக்குபேஷனல் தெரபி ஆய்வாளர்கள் இதே விஷயத்தைக் கையில் எடுத்திருக்கிறார்கள். ஆட்டிசம் பிள்ளைகளை வளர்க்கும் கறுப்பினத்தவரிடம் உட்கார்ந்து பேசி 2022இல் எழுதினார்கள். வீட்டுப் பழக்கம், டாக்டர் கிடைப்பது, புலன் கூச்சம், டாக்டருக்கும் குடும்பத்துக்கும் இடையிலான உறவு எல்லாம் அதில் வருகிறது. அந்தப் பெற்றோர் தாங்களாகவே தேடிப் படித்து, தாங்களாகவே வழி கண்டுபிடித்து, பிள்ளைக்காக வாதாடுவதும் வருகிறது. வைகை பார்த்த நோட்டு எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்தியது.

அதே குழுவினர் 2023இல் இன்னொன்றும் வெளியிட்டார்கள். பல் அறையில் பெரிய விளக்கை அணைத்து, கூரையில் மெதுவாக அசையும் படம், மெல்லிய இசை, உடம்பைக் கனமாக அணைக்கும் ஒரு போர்வை. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் உடல் பதற்றம் அளவிடக்கூடிய விதத்தில் குறைந்தது. லட்ச லட்சமாய்ச் செலவு பிடிக்கும் ஏற்பாடு இல்லை இது.

வீட்டுப் பக்கம் நான் முதலில் கேட்பது பரிசு மிட்டாய். சில தெரபிகளில் சொன்னதைச் செய்தால் ஒரு ஜெல்லி, ஒரு சாக்லேட். நாளைக்கு நாற்பது தடவை. கூடவே ஜெல்லி மாதிரி மெல்லும் இனிப்பு வைட்டமின். இனிப்புச் சிரப் மருந்து. சில பிள்ளைகள் சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ளும், மணிக்கணக்கில். சில மருந்துகளால் எச்சில் வற்றும். இவ்வளவும் சேர்ந்து சொத்தை விழுந்தால் "பல் தேய்ப்பதில்லை" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். மிட்டாய் கொடுக்கச் சொன்னதே தெரபி இடம்தான், அந்த அம்மா இல்லை.

---

சேலம்_சரவணன் · வியாழன் காலை

டாக்டர், 21 வயதுக்கு மேல் என்ன ஆகும்? இங்கே நியூஜெர்சியில் ஒரு கறுப்பின நண்பர், எங்கள் பிள்ளைகள் ஒரே பள்ளி, அவர் இரவெல்லாம் யோசிப்பது இதைத்தான்.

---

ஹூஸ்டன்_பல்_டாக்டர் · வியாழன் மதியம்

21 வரை மெடிகெய்டு குழந்தைகளுக்குப் பல் பராமரிப்பு கொடுத்தே ஆக வேண்டும், அது மத்திய விதி. அதற்குப் பிறகு மாநிலத்தின் இஷ்டம். எங்கள் டெக்சாஸில் வழக்கமான மெடிகெய்டில் பெரியவர்களுக்குப் பல் பராமரிப்பு கிடையாது, சில மாற்றுத்திறனாளித் திட்டங்களில் மட்டும் உண்டு. அதில் சேரும் வரிசை வருடக்கணக்கில் நீளும். பதினைந்து வயதிலேயே பெயர் கொடுத்து வையுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். நியூஜெர்சியில் பெரியவர்களுக்கும் உண்டு என்பதால் உங்கள் நண்பர் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் பெரியவர்களைப் பார்க்கும் டாக்டர்களில் ஆட்டிசம் தெரிந்தவரை இப்போதே தேட ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

---

வைகை_மேரிலாந்து · மூன்று வாரம் கழித்து

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மேலாளரிடம் பேசி, வியாழக்கிழமை கடைசி அப்பாயின்ட்மென்ட்டை இந்தப் பையனுக்கே வைத்துவிட்டோம். அப்போது பக்கத்து அறையில் டிரில் சத்தம் இருக்காது. மேலே விளக்கை அணைத்து என் நெற்றி விளக்கை மட்டும் வைத்துக்கொண்டேன். பாட்டியும் வந்தார். அவர் வீட்டில் பாடும் அதே பாட்டைப் பாடினார். இரண்டாம் வாரம் பையன் நாற்காலியில் ஏறினான். மூன்றாம் வாரம் கண்ணாடியை வாய்க்குள் விட்டான். நான் பல்லை எண்ண எண்ண ஐபேடில் எண்ணைத் தொட்டுக்கொண்டே வந்தான், பதினொன்று வரை. பன்னிரண்டில் தலையைத் திருப்பிக்கொண்டான். நிறுத்திவிட்டேன்.

வேர்வரை போன இரண்டு பல்லுக்கும் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துக்குத் தேதி கிடைத்திருக்கிறது. மற்ற நான்கில் சில்வர் வைக்க அந்த அம்மா சம்மதித்தார். எல்லாம் பின்பல், வெளியே தெரியாது. கோப்பில் நான் என்ன எழுதுகிறேன் என்று அவருக்குத் திரையைத் திருப்பிக் காட்டினேன். "தாய் தினமும் இருமுறை தேய்க்க முயல்கிறார், ஐந்து மாதக் குறிப்பு வைத்திருக்கிறார், சிகிச்சையைத் தொடர்ந்து தேடிவந்தார்." இரண்டு தடவை படித்தார். ஒரு பிரதி கேட்டார், கொடுத்தேன். அந்த பிளாஸ்டிக் உறைக்குள் நோட்டுக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டார்.

அவருடைய சர்ச்சிலிருந்து இரண்டு அம்மாக்கள் போன் செய்திருக்கிறார்கள். ஒருவருக்கு 19 வயது மகன், ஐந்து வருடமாகப் பல் பார்க்கவில்லை. 21 வயது வரை மெடிகெய்டில் பல் பராமரிப்பு உண்டு என்பதும், மேரிலாந்தில் 2023 ஜனவரி முதல் அதற்குப் பிறகும் பெரியவர்களுக்கு உண்டு என்பதும் அவருக்குத் தெரியவில்லை. சரவணன், சுவையில்லாத அந்த பேஸ்ட்டின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அவனுக்கும் புதினா ஆகாதாம்.

---

சேலம்_சரவணன் · அன்றே

அனுப்பிவிட்டேன் அக்கா. பிரஷ் பெயரையும் சேர்த்திருக்கிறேன்.